பெரும்பாடு

ஆவணி பிறந்துவிட்டால் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலைகளில் யாருக்கும் யாரோடும் பேச நேரமிருக்காது. தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும். காலையில் கம்பெனி பஸ் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், வெயில் சாய்ந்ததும் கொண்டுவந்து கொட்டும். அப்படி ஒரு ஆவணி முற்பகலில்தான் அழகுமீனா வேலை அறைக்குள் விழுந்தாள்.

சரவெடி பின்னுகிற அறை அது. நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே நுழைகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். நைலான் சேலை கூடாது, கொலுசு கூடாது, செல்போன் கூடாது. எதையும் உரசக்கூடாது, இழுக்கக்கூடாது, கீழே போடக்கூடாது. வருஷக்கணக்காக அந்தக் கட்டுப்பாட்டிலேயே உட்கார்ந்து எழுந்து, அழகுமீனாவுக்கு வீட்டில் சருவச்சட்டியைக்கூடச் சத்தமில்லாமல் இறக்கி வைக்கிற பழக்கம் வந்திருந்தது.

அன்றைக்குப் பின்னி முடித்த சரங்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். காது அடைத்தது. சுவரிலிருந்த வெளிச்சம் பின்வாங்கிப் போனது. தட்டு கையை விட்டு நழுவுவது தெரிந்தது. பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு இருந்தது, கையைத்தான் காணோம்.

பக்கத்தில் இருந்தவர்கள் கத்தவில்லை. தட்டு ஒருத்தியின் மடியில் விழுந்தது. அவள் அதை இரண்டு கையாலும் அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் ஒன்றும் நடக்கவில்லை என்பதே பெரிய செய்தி.

அழகுமீனாவைத் தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்த பிறகுதான், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ரப்பர் விரிப்பு ரத்தத்தில் நனைந்து கிடந்ததைப் பார்த்தார்கள். பார்த்த பெண்களில் ஒருத்தி தன் தலைத்துணியை அவிழ்த்து அதைத் துடைத்தாள்.  போர்மேன் சோடா வாங்கி வரச் சொன்னார். அவர் கோபக்காரர் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"உனக்கு மட்டும்னா பரவால்ல தாயி. அந்த ரூம்ல நாலு உசுரு இருக்கு. உடம்பத் தேத்திக்கிட்டு வா."

அழகுமீனாவுக்கு இப்படி ரத்தம் போவது புதிதில்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஆரம்பித்தால் எட்டு நாள், பத்து நாள். கடையில் வாங்குகிற பேடு ஒன்று அவளுக்கு எந்த மூலைக்கும் காணாது. அதன்மேல் புருஷனின் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துக்கொள்வாள். வேலை அறையிலிருந்து கழிப்பறை தொலைவு, அடிக்கடி எழுந்து போகவும் முடியாது. அதனால் அந்த நாட்களில் தண்ணீரே குடிக்கமாட்டாள். மெரூன், கறுப்பு, கரும்பச்சை, இவைதான் அவள் கட்டும் நிறங்கள். பாயின் மேல் உரச்சாக்கை விரித்துப் படுப்பாள். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் போகும், நமக்குத்தான் தாங்குகிற தெம்பில்லை என்று நினைத்திருந்தாள். எவ்வளவு போனால் அளவு, எவ்வளவு போனால் அதிகம் என்று அவளுக்கு யார் சொன்னது? அடுத்த வீட்டுக்காரியின் வேட்டித் துணியை அவள் எண்ணிப் பார்த்தாளா என்ன?

ஊரில் இதற்குப் பெரும்பாடு என்று பெயர். பெயரைச் சொல்வார்கள், அதற்கு மேல் பேசமாட்டார்கள்.

புருஷன் தங்கப்பாண்டியன் லோடு வண்டி ஓட்டுகிறவன். குடிக்காதவன், கை நீட்டாதவன், ஆனால் இந்தப் பேச்சு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவான். அவனுடைய அக்காள் குருவம்மாள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள்தான் அழகுமீனாவை டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பிள்ளை பெற்று முடிந்துவிட்டது, எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்றார்கள். குருவம்மாளுக்கு முப்பது வயதிலேயே எடுத்தாகிவிட்டது. பையைத் தூக்கிப் போட்ட பிறகுதான் மனுஷியாக நடமாடுவதாக அவள் எல்லோரிடமும் சொல்வாள். சீசன் முடியட்டும் என்று அழகுமீனா இழுத்துக்கொண்டிருந்தாள். இப்போது விழுந்துவிட்ட பிறகு இழுக்க வழியில்லை. அடுத்த வளர்பிறையில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, அன்றைக்கு ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அழகுமீனாவின் மனசு ஆபரேஷனில் இல்லை. மகள் அனுப்பிரியாவின் மேல் இருந்தது.

அனுப்பிரியா ஒன்பதாம் வகுப்பு. ஆனியில் வயதுக்கு வந்தாள். மண்டபம் பிடித்துச் சடங்கு நடத்தினார்கள். தாய்மாமன் சீர் மட்டும் ஆள் மூலமாக வந்தது, தாய்மாமன் வரவில்லை. அவனுக்குப் பங்காளி முறையான ஒருவனை நிறுத்திக் காரியத்தை முடித்தார்கள். முதல் தடவை போக்கு நிற்கப் பதினைந்து நாள் ஆனது. புதுசுக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் குருவம்மாள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். இப்போது இரண்டாவது தடவை. நிற்கிற வழியைக் காணோம். பெண் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உதடு சோளத்தட்டை நிறத்தில் வெளுத்திருந்தது. ஒருநாள் அரிசிப் பானைப் பக்கம் சத்தம் கேட்டு அழகுமீனா எட்டிப் பார்த்தாள். பிள்ளை பச்சை அரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது.

 அழகுமீனாவும் சின்ன வயதிலிருந்து பச்சை அரிசி தின்கிறவள். யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்துத் தின்பாள்.

ஆலையில் விழுந்த செய்தி எப்படியோ எட்டி, சுகாதார நர்ஸ் ஞானதீபம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஆமத்தூர்க்காரி. அந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் ஊசி போடாத பிள்ளை கிடையாது. சத்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தாள். அழகுமீனாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தற்செயலாக உள்ளே திரும்பியவள், படுத்திருந்த பிள்ளையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைக்கு எத்தனை நாளாக என்று கேட்டாள். சொன்னார்கள். பிறகு அழகுமீனாவிடம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தாள். ஒரு துணி எவ்வளவு நேரம் தாங்கும், ராத்திரி மாற்றுவதற்கென்றே எழுந்திரிக்கிறாயா, கட்டி கட்டியாகப் போகுமா, போனால் புளியங்கொட்டை அளவா எலுமிச்சை அளவா. அழகுமீனா வாசலைப் பார்த்தாள். தங்கப்பாண்டியன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே மலைப்பாக இருந்தது. முதல்முறையாகத் தான் படுகிற பாட்டைத் தன் காதாலேயே கேட்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவம்மாள், "எல்லாம் கட்டிதேன் சிஸ்டர். ஸ்கேன்லயே தெரிஞ்சு போச்சு" என்றாள்.

"கட்டி இவளுக்கு. பிள்ளைக்கு?" என்றாள் ஞானதீபம்.

 ஞானதீபம் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா மீனா, நீ எப்பமாச்சும் பல்லுப் பிடுங்கியிருக்கியா?"

அழகுமீனாவுக்கு நர்சம்மா பேச்சை மாற்றுகிறாளோ என்று தோன்றியது.

"பிடுங்கியிருக்கேன் சிஸ்டர். கடவாப் பல்லு."

"அன்னைக்கு ரத்தம் நின்னுச்சா?"

"எங்கன நின்னுச்சு? பஞ்சு வச்சு வச்சு எடுத்தாக. மூணா நாளும் தலகாணியெல்லாம் ரத்தம். திருப்பி அந்த டாக்டருகிட்டயே போயி தையலு போட்டுட்டு வந்தோம்."

"பிரசவத்துல?"

"பிள்ள பெத்தப்ப ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வந்து பத்து நாளு கழிச்சு அள்ளிருச்சு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாக."

"கையில லேசா இடிச்சாக் கன்றிப் போயிருமா?"

அழகுமீனா முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். ஆலையில் அவளைப் பிடித்துத் தூக்கியபோது விழுந்த நீலம் இன்னும் இருந்தது. பட்டாசு மருந்துப் பொடியின் வெள்ளி நிறம் ஒட்டிய தோலுக்கடியில் அது மேகம் மாதிரித் தெரிந்தது.

"ஒங்க அம்மாவுக்கு?"

  சமையல் கட்டில் உலை கொதித்துச் சட்டி மூடி துள்ளியது. குருவம்மாள் எழுந்துபோய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அழகுமீனா சொன்னாள்.

அம்மா மல்லாங்கிணறு ஊரில் செத்துப்போனாள். தம்பி நல்லசிவம் பிறந்தபோது. அழகுமீனாவுக்கு அப்போது ஏழு வயது. பெண்கள் முற்றத்திலிருந்து மணலைக் கடகத்தில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனது அவளுக்கு நினைவிருக்கிறது. எதற்கு வீட்டுக்குள் மணலைக் கொட்டுகிறார்கள் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை. போன மணல் சிவந்து திரும்பி வந்தபோது விளங்கியது. அதன்பிறகு அப்பா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மாதான் எடுத்து வளர்த்தாள். ஆத்தாளைத் தின்ன பயல் என்று ஊர் அவனுக்குப் பேர் வைத்தது. நல்ல காரியங்களுக்கு அவனை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. கொஞ்ச நாளில் அவனே பின்னால் போய் நிற்கப் பழகினான். இப்போது காட்டோடு காடாக இருக்கிறான். கல்யாணம் பண்ணவில்லை. மருமகள் சடங்குக்குக்கூடச் சீரை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

ஞானதீபம் மெதுவாகக் கேட்டாள். "அந்தத் தம்பிக்கு மூக்குல ரத்தம் வருமா?"

அழகுமீனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தம்பியை இந்த நர்சம்மா பார்த்ததே இல்லை. அவன் ஊருக்குப் போனதும் இல்லை.

"சின்னதுல வரும். மொகமெல்லாம் ஆயிரும். வெயிலுச்சூடுன்னு சொல்லுவாக. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதும்மா. டிரெயினிங்ல கேக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காக, கேட்டேன்."

பெரும்பாடு என்ற சொல்லை ஞானதீபம் சின்னப் பிள்ளையிலிருந்து சர்ச்சில் பைபிள் கதையில் கேட்டு வளர்ந்தவள். வெறும் சொல்லாகக் கேட்டது இன்றைக்கு அம்மாவும் மகளுமாக முன்னால் உட்கார்ந்திருந்தது. அவள் வெளியே போய்த் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டாள். பிள்ளையை இன்றைக்கே விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாயும் கூடப் போக வேண்டும், அங்கே பார்த்துச் சொல்லும்வரை ஆபரேஷன் என்ற பேச்சே கூடாது என்றாள். குறித்த நாளைத் தள்ளினால் அபசகுனம் என்று குருவம்மாள் முனகினாள். தங்கப்பாண்டியன் வண்டிச் சாவியை எடுத்தான். பிள்ளை நடந்து வரும்போது சுவரைப் பிடித்ததை அவன் அப்போதுதான் பார்த்தான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஜெஸ்லின் சின்ன வயதுக்காரி, கண்ணாடி போட்டிருந்தாள். அனுப்பிரியாவை உடனே படுக்கையில் சேர்த்து மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்தாள், ரத்தம் ஏற்றினாள். பிறகு ஞானதீபம் கேட்ட கேள்விகளையே திரும்ப முதலிலிருந்து கேட்டாள். தங்கப்பாண்டியன் வழக்கம்போல எழுந்து வெளியே போகப் பார்த்தான். "இருங்கண்ணே, நீங்களும் கேட்டுக்கிடணும்" என்று டாக்டர் நாற்காலியைக் காட்டினாள். தங்கப்பாண்டியன் உட்கார்ந்தான். முழங்கால்களுக்கு நடுவில் கையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தன் வீட்டில் தன் பக்கத்தில் இத்தனை வருஷமாக நடந்ததை வேற்று மனுஷன் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அழகுமீனாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முன்பு எடுத்த இடத்தில் திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. இங்கே ஜெஸ்லின் திரையை அவள் பக்கம் திருப்பினாள். மழைமூட்டம் மாதிரி இருந்தது. அதற்குள் ஒரு உருவம்.

"இதுதாம்மா ஒங்க கர்ப்பப்பை."

அழகுமீனா பார்த்தாள். மூடிய கைப்பிடி அளவுதான் இருந்தது. அனுப்பிரியா இதற்குள்தான் இருந்தாள். கால் உதைத்தாள், விக்கினாள், புரண்டு படுத்தாள். ஒரு கைப்பிடிக்குள் இத்தனை நடந்திருக்கிறது. இதைத்தான் தூக்கிப் போட நாள் பார்த்தோம் என்று நினைத்தாள்.

"கட்டி எங்கன இருக்கு டாக்டர்?"

டாக்டர் விரலை வைத்துக் காட்டினாள். கொண்டைக்கடலை அளவில் ஓரத்தில் ஒட்டியிருந்தது. "இது வெளிப்புறமா இருக்கு. பாதிப் பொம்பளைகளுக்கு இருக்கும், இருக்கதே தெரியாது. இம்புட்டு ரத்தம் போறதுக்கு இந்தக் கட்டி காரணமில்ல, பாவம்."

தாயிடமும் மகளிடமும் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். முதல் முடிவு வந்த பிறகும் டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. இது ஒருமுறை ஒருமாதிரி காட்டும், இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று மறுபடியும் எடுத்து அனுப்பினாள். அதற்குள் அனுப்பிரியாவுக்குப் போக்கு நின்றுவிட்டது. நின்ற அன்று மத்தியானம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரி கொண்டுவந்த புரோட்டாவைப் பார்த்துவிட்டுத் தனக்கும் வேண்டும் என்றாள். தங்கப்பாண்டியன் சட்டையைக்கூட மாட்டாமல் துண்டோடு கடைக்கு ஓடினான்.

இரண்டாவது முடிவு வந்ததும் டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்தாள். அந்த நோய்க்கு வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர் இருந்தது. வான் வில்லிபிராண்ட். முதன்முதலில் கண்டுபிடித்த டாக்டரின் பெயராம். பெயரை மறந்துவிடுங்கள், விஷயத்தைக் கேளுங்கள் என்றாள் ஜெஸ்லின்.

"ஒடம்புக்குள்ள ரத்தம் ஓடிக்கிட்டே இருக்குல்ல. எங்கயாச்சும் கிழிஞ்சா அந்த எடத்துல அது தானாவே வந்து அடைக்கணும். சின்னச் சின்னத் துணுக்கா ஓடிவந்து ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டும். ஒட்டுறதுக்குப் பசை வேணும். ரத்தத்துலயே அந்தப் பசை இருக்கு. ஒங்களுக்கு அது பொறவியிலயே கம்மி. பாப்பாவுக்கும் கம்மி. அதான் பல்லப் பிடுங்குனாலும் நிக்கல, மாசாமாசம் வர்றதும் நிக்கல."

அழகுமீனா சின்ன வயதில் வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டியவள். பசை நீர்த்துப்போனால் குழாய் எப்படி விரிந்துவிடும் என்று விரலுக்குத் தெரியும். ஆனால் அவள் வியந்தது அதை அல்ல. இத்தனை காலம் சமைக்கும்போது கையை அறுத்துக்கொள்கிற பெண்களை, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். ரத்தம் வரும், நிற்கும். நின்றது ஒரு காரியம் என்றே யாரும் நினைத்ததில்லை. உள்ளுக்குள் யாரோ ஓடி ஓடி வந்து அடைத்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடாமலே, ஒவ்வொரு உடம்புக்குள்ளும், ஒவ்வொரு கீறலுக்கும். அவள் தன் மணிக்கட்டைத் திருப்பி, பச்சை நரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதில் பசை குறைச்சல், ஆனாலும் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது, அவளையும் நடத்திக்கொண்டு.

தங்கப்பாண்டியன்தான் கேட்டான். "அப்ப, ஆபரேஷன் பண்ணியிருந்தா?"

"தெரிஞ்சு பண்ணா, அதுக்குண்டான மருந்தக் கையில வச்சுக்கிட்டுப் பண்ணலாம்ணே. தெரியாமப் பண்ணியிருந்தா..." டாக்டர் பேனாவை மூடினாள். 

போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை, வேண்டுமானால் கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னச் சாதனம், ரத்தம் ஊற இரும்புச் சத்து ஊசி. அறுக்கத் தேவையில்லை. இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும். அம்மா வழியில் இது வந்திருக்கலாம், கூடப்பிறந்தவர்களுக்கும் பார்த்துவிடுவது நல்லது என்றாள் ஜெஸ்லின்.

 திரும்பி வருகிற வழியில் ஆமத்தூர் தாண்டியதும் தங்கப்பாண்டியன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அனுப்பிரியா அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ விழுந்தியே, அன்னைக்குக் காலைல தெருக் குழாயில இருந்து ரெண்டு குடம் தூக்கியாந்தல்ல?"

"ஆமா."

"அப்பவும் போய்க்கிட்டுத்தேன் இருந்துச்சா?"

"ஆமா."

"சோறு ஆக்குனப்பவும்?"

"நிக்காதுல்லங்க."

ஊர்த் தேர் நிலையை விட்டு அசையும்போது கூட்டத்தில் நின்று பார்ப்பானே, அப்படி அவளைப் பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான். பள்ளம் மேட்டில் ஏற்றாமல் ஓட்டினான். பட்டாசு ஏற்றிய வண்டியை ஓட்டுகிற மாதிரி.

குருவம்மாள் வந்து எல்லாவற்றையும் கேட்டாள்.  காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், ஆறிப்போனது. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "பைய எடுக்கையில என்னைய யாரும் பல்லப் பத்திக் கேக்கலயே மீனா" என்றாள். அழகுமீனா அவளோடு தெருமுனைவரை நடந்தாள்.

ஊசி போட்டுக் கொஞ்சம் தெளிச்சி வந்ததும், புரட்டாசியில் அழகுமீனா தனியாக மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினாள். முதல் மழை விழுந்து கரிசல் மண் ஊறிப் பொதுமிக் கிடந்தது. நல்லசிவம் காட்டில் மக்காச்சோளம் ஊன்றிக்கொண்டிருந்தான். அக்காளைப் பார்த்ததும் பதறிப் போய், யாருக்கு என்ன என்றான். அவள் வந்தாலே யாருக்கோ என்னவோ என்றுதான் அவனுக்குத் தோன்றும். ஒன்றுமில்லை, கையைக் கழுவு என்றாள். கருவேல மர நிழலில் உட்கார்ந்து அவன் கொண்டுவந்திருந்த கம்மங்கஞ்சியை இருவரும் குடித்தார்கள். மோர் மிளகாயில் பெரியதை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் ஆலையில் விழுந்ததிலிருந்து தொடங்கினாள். தம்பியிடம் பேசுகிற பேச்சா இது என்ற கூச்சம் பாதியிலேயே போய்விட்டது. பல், பிள்ளை, பசை, பெயர் எல்லாம் சொன்னாள். அவன் வரப்பில் முளைத்த அறுகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு கேட்டான். கடைசியில் மணலைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் சொல்லாதது அது.

"நீ பொறந்ததால அம்மா சாகலடா. அம்மாவுக்கு ரத்தம் நிக்காது. எனக்கும் நிக்காது. நான் பொழச்சுக்கிட்டேன், கேக்க ஆளு இருந்துச்சு. அம்மாகிட்ட யாரும் கேக்கல. அம்புட்டுத்தேன். ஓம்மேல ஒண்ணுமில்ல."

 நல்லசிவம் பிடுங்கிய அறுகைக் கையிலேயே வைத்திருந்தான். தூரத்தில் ஒரு டிராக்டர் திரும்பிப் போகிற சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

"ஒனக்கும் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாக. மூக்குல வருமில்ல சின்னதுல. ஒனக்கும் இருக்கும் போல."

"இப்பவும் வரும்" என்றான். பிறகு, "எது, அம்மாவுக்கு இருந்ததா?"

"அதேதேன். அம்மாகிட்ட இருந்து வந்தது."

அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அவளுடைய சேலை ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அப்பா கண்மாயில் விட்டுவிட்டார். அம்மா மாதிரி இருக்கிறாய் என்று அழகுமீனாவிடம் சொல்கிறவர்கள் அவனிடம் சொன்னதில்லை. அவன் தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தான். கரிசல் மண் ரேகையெல்லாம் ஏறியிருந்தது.

"அப்பன்னா, அம்மாவோடது ஒண்ணு எங்கிட்ட இருக்குக்கா" என்றான்.

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்ததை அழகுமீனா அதற்கு முன் எந்த மனுஷன் முகத்திலும் பார்த்ததில்லை. நோய் இருக்கிறது என்று சொல்ல வந்தவள் அவள்.

அடுத்த வாரம் நல்லசிவம் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தான். அனுப்பிரியாவும் மறுபரிசோதனைக்கு வந்திருந்தாள். மருமகளுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றான். அவள்தான் நகர்ந்து பக்கத்தில் வந்து, ஊசி வலிக்காது மாமா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் என்று தைரியம் சொன்னாள்.

ரத்தம் எடுத்த பெண் பஞ்சை வைத்து, அழுத்திப் பிடியுங்கள், எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நல்லசிவம் வெளியே பெஞ்சில் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தான். வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் கொடுத்தவர்கள் பஞ்சைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவனும் பஞ்சை எடுத்தான். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு துளி ஊறியது. மாதுளை முத்து மாதிரி திரண்டு நின்று, உடைந்து, முழங்கை மடிப்பில் மெல்லிய கோடாக இறங்கியது. அடுத்த துளி வந்தது. அவன் துடைக்கவில்லை, பயப்படவுமில்லை. தூரத்திலிருந்து வந்த ஆளை வாசலில் நின்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகுமீனா அவனைக் கொஞ்ச நேரம் பார்க்க விட்டாள். பிறகு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.